தம்பி 'ஃபைட்டிங் கிரைம்'னு மெசேஜ் போட்டா என்னங்க அர்த்தம்?

மல்லி_51ஆம்தெரு:

வணக்கம் மக்களே. ஒரு சந்தேகம், சிரிக்காம பதில் சொல்லணும்.

போன சனிக்கிழம ராத்திரி பதினொன்றரை இருக்கும், தம்பி இன்னும் வீடு திரும்பல, அம்மா பால்கனியில நின்னு தெருவையே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நாங்க இருக்கிறது ஆறாவது மாடி, மேலேர்ந்து பாத்தா எல்லா ஆளும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனாலும் பாப்பாங்க. நம்ம யாங்கோன் (பழைய ரங்கூன்) வீடுங்கள்ல பால்கனியிலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கயிறு தொங்குமே, நுனியில கிளிப்பு, மேல மணி, தம்பி லேட்டா வந்தா அத இழுப்பான், நாங்க சாவிய கிளிப்புல மாட்டி இறக்கி விடுவோம். அந்தக் கயித்த ஒரு கையில புடிச்சிக்கிட்டேதான் நின்னாங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு, நான் வைபர்ல 'எங்கடா இருக்க'ன்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு இங்கிலீஷ்ல பதில் வருது, 'ஃபைட்டிங் கிரைம்'. பக்கத்துல ஒரு வவ்வால் பொம்ம.

என்னடி சொல்றான்னு அம்மா கேட்டாங்க. நான் புத்தி கெட்டவ, அப்படியே தமிழ்ல சொல்லிட்டேன், 'குத்தத்தோட சண்ட போட்டுக்கிட்டு இருக்கானாம்'னு. அம்மா காதுல விழுந்தது ரெண்டே வார்த்த, குத்தம், சண்ட. ராத்திரி பசங்க வெளிய நின்னாலே வயித்துல புளியக் கரைக்கிற காலம் இது. உடனே விளக்கேத்தி பீலிக்கான் முனீஸ்வரனுக்கு நேந்துக்கிட்டாங்க, புள்ள முழுசா வந்து சேரட்டும், ஒரு கட்டு சுருட்டு வாங்கி வைக்கிறேன்னு. அவன் மூணு மணிக்கு வந்தான், மேலெல்லாம் தூசி, கேட்டா 'ஜோக்குக்கா, விடு'ன்னுட்டுப் படுத்துட்டான். அதுக்கப்புறம் இந்த வாரத்துல இன்னும் ரெண்டு ராத்திரி இதே கதை. பயின்னோங் சந்தையில ஒரு பருப்புக் கிடங்குல சூப்பர்வைசர் வேல பாக்குறான், சூப்பர்வைசருக்கு விடியக்கால மூணு மணி வரைக்கும் அங்க என்ன வேல?

இது இப்ப பசங்க பேசுற பேச்சா, இல்ல ஏதாச்சும் கெட்ட அர்த்தம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அம்மா தெனம் நச்சரிக்கிறாங்க.

---

சைக்கா_சாமி:

சிரிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு அம்மா கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னத எழுதினா எப்படிக்கா.

பயப்படாதீங்க. 'என்ன பண்ற'ன்னு யாராச்சும் கேக்கும்போது உண்மையச் சொல்ல சோம்பேறித்தனமா இருந்தாலோ, சொல்ற அளவுக்கு ஒன்னும் இல்லன்னாலோ இப்படி அடிச்சு விடுறதுதான். மல்லாக்கப் படுத்து கால ஆட்டிக்கிட்டு இருப்பான், கேட்டா ஊரக் காப்பாத்துறேம்பான்.

தாம்வேயில எங்க செட்டுக்கு இதுல ஒரு அகராதியே உண்டு. பேட்மேனோட கார் பேட்மொபைல்னா எங்களுக்கு சைக்கா, அதான் மிதிக்கிற ரிக்‌ஷா, ஏன்னா யாங்கோனுக்குள்ள மோட்டார்சைக்கிள் ஓட்டக்கூடாது, காருக்கு நாங்க எங்க போறது, அந்த சைக்காவுல ரெண்டு சீட்டு முதுகுக்கு முதுகு இருக்கும்ல, பின்பக்கம் பாத்து உக்கார்றவன்தான் ராபின், வந்த வழியவே பாத்துக்கிட்டுப் போவான், எங்க போறோம்னே தெரியாது, 'இன்னிக்கு நீ ராபின்'னா காசும் நீதான் குடுக்கணும். சைக்காங்கிற பேரே சைடுகார்ங்கிறதுலேர்ந்து வந்ததுதான, அப்ப ஹீரோவோட சைடுகிக் அதுல உக்கார்றதுதான் முறை. சூப்பர்மேனோட பலத்த உறிஞ்சுற கல்லு கிரிப்டோனைட்னா எங்களுக்கு அம்மாகிட்டேர்ந்து வர்ற போன், எவ்வளவு பெரிய வீரனும் அதப் பாத்தா சுருண்டுருவான். பேட்மேனக் கூப்பிட வானத்துல அடிக்கிற வெளிச்சம் பேட் சிக்னல்னா எங்களுக்கு டீக்கடையில தம்பியக் கூப்பிட உதட்டக் குவிச்சு நாம முத்தச் சத்தம் குடுப்போமே, அது. (இத மறந்துபோயி போன வருஷம் சென்னையில ஒரு டீக்கடையில அதே சத்தத்தக் குடுத்தேன். கடைக்காரர் திரும்புனாரு, அவர் பக்கத்துல நின்ன ஒரு அம்மாவும் திரும்புனாங்க. டீ குடிக்காமலே வந்துட்டேன்.)

---

மாயாவி_ரசிகன்:

வியாசர்பாடியிலேர்ந்து எழுதுறேன். தாத்தா 1964ல ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தவரு, அதனால இந்தப் பக்கம் எட்டிப் பாக்க எனக்கும் பாத்தியதை உண்டு.

சாமி தம்பி சொன்ன அர்த்தம் சரி. ஆனா அது ஏன் ஜோக்காச்சுன்னு ஒரு கதை இருக்கு, எனக்கு இது பைத்தியம், பொறுத்துக்குங்க. இந்த முகமூடிக் கும்பல் எல்லாம் ஒரே சமயத்துல பொறந்தவங்க, வேதாளர் 1936, சூப்பர்மேன் 1938, பேட்மேன் 1939. அப்ப அமெரிக்காவுல சாராயத் தடை வந்து போயி ஊரெல்லாம் கேங்ஸ்டர் கூட்டம், 'குற்றத்தின் மீது போர்'னு அங்க அரசாங்கமே நெஞ்ச நிமித்திப் பேசிக்கிட்டு இருந்த காலம், அதனால ஆரம்பத்துல ஹீரோவுக்கு எதிரி வேற்றுக்கிரகத்து ஜந்து எல்லாம் கெடையாது, சாதாரண திருடன், கொள்ளக்காரன், லஞ்சம் வாங்குற பெரிய மனுஷன். பேட்மேன் மொதல்ல வந்ததே துப்பறியும் கதை போடுற டிடெக்டிவ் காமிக்ஸோட 27வது இதழ்லதான். அடுத்த வருஷம் ராபின் வந்துட்டான், 1942ல வானத்துல வவ்வால் வெளிச்சம் அடிக்க ஆரம்பிச்சாங்க. சூப்பர்மேன் டெலிபோன் பூத்துக்குள்ள போயி உடுப்பு மாத்துறது 1941 கார்ட்டூன்ல, சாமி தம்பியோட அம்மா போன், அதாவது கிரிப்டோனைட், 1943ல ரேடியோ நாடகத்துல. அதுவரைக்கும் எல்லாமே சீரியஸ்.

கெடுத்தது 1966ல வந்த பேட்மேன் டிவி தொடர். தொப்பையும் டைட்ஸுமா ரெண்டு பேரு, மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்லாம, கோயில்ல தேவாரம் பாடுற மாதிரி குற்றம் ஒழிப்பப் பத்திப் பேசுவாங்க. மூணு வருஷத்துக்குள்ள தொடர் முடிஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் அந்த வார்த்தைய யாராலயும் நேரா சொல்ல முடியல, சொன்னா கேக்குறவனுக்கு சிரிப்பு வந்துரும். அந்தச் சிரிப்புதான் உங்க தம்பி அனுப்புன வவ்வால் பொம்ம.

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் இரும்புக்கை மாயாவி வழியாதான் பழக்கம், 1972ல முத்து காமிக்ஸ் மொதல் இதழே அவர்தான். கரண்ட்டுல கைய வச்சா ஆளு மறைஞ்சிருவாரு, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். எங்க வீட்டுல இன்னிக்கும் வேல செய்யச் சொன்னதும் எவனாவது காணாமப் போனா 'பிளக்குல கைய வச்சுட்டான்'னுதான் சொல்வோம்.

---

சைக்கா_சாமி:

அண்ணே மாயாவி யாங்கோன்ல பொறந்திருந்தா சோத்துக்கே வழியில்ல. திருடன் வர்ற நேரம் பாத்து மீ ப்யட், அதான் கரண்ட் கட்டு. பிளக்குல கைய வச்சிக்கிட்டு பாவம் மனுஷன் விடிய விடிய நிப்பாரு, விடியக்கால தெருவே 'மீ லா பி', கரண்ட் வந்துருச்சுன்னு கத்தும், அப்பதான் மறைவாரு, திருடன் வீட்டுக்குப் போயி தூங்கிருப்பான்.

---

ஞாயிறு_டீச்சர்:

மல்லி, ஒன்னு சேத்துக்கோம்மா. ஊர்ல எல்லாரும் ஒரே அர்த்தத்துல சொல்றதில்ல. இங்கிலீஷ் பேசுற எடத்துல புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்தையும் பிள்ளைங்க முன்னாடி இந்த மாதிரி வீரதீரமாச் சொல்லி மறைக்கிறது உண்டு, கக்கூசுக்குப் போறதையும் சொல்லுவாங்க, சூப்பர்மேன் தனியாப் போயி உக்கார்ற பனிக்கோட்டை ஒன்னு கதையில உண்டு, அந்தப் பேர கழிப்பறைக்கு வச்சிருக்கிறவங்கள எனக்கே தெரியும். சொல்றது யாரு, யாருகிட்ட, எத்தன மணிக்குங்கிறத வச்சுத்தான் அர்த்தம் எடுக்கணும். அக்காவுக்கு அனுப்புறவன் கெட்ட அர்த்தத்துல அனுப்ப மாட்டான், அதனால அந்தக் கவலைய விடு.

கோயில்ல ஞாயித்துக்கிழம பிள்ளைங்களுக்குத் தமிழ் எடுக்கிறவ நான், எனக்கு இதுல வேற ஒன்னு தோணுது. இந்த சூப்பர்ஹீரோ ஜோக்கு ஒரு சின்ன விஷயத்த எடுத்து பெரிய போர்வைக்குள்ள மறைக்குது. படுத்திருக்கிறவன் ஊரக் காப்பாத்துறேங்கிறான். நாம அப்படி இல்ல, நேர் எதிர், பெரிய விஷயத்த எடுத்து சின்ன வார்த்தைக்குள்ள மடிச்சு வைப்போம். சாராயத்துக்குத் தண்ணி, ஜெயிலுக்கு மாமியார் வீடு, ஊர விட்டே ஓடினவன் கம்பி நீட்டிட்டான், அவ்வளவுதான். பர்மாக்காரங்களும் அப்படித்தான், லஞ்சத்துக்கு அவங்க வச்ச பேரு லபேயேபோ, டீக்காசு. எத்தன லட்சம் கை மாறுனாலும் டீக்காசுதான். என் வீட்டுக்காரர் எதுக்கு கேட்டாலும் 'சும்மா இந்தா பக்கத்துல'ம்பாரு, கல்யாணமான புதுசுல ஒரு தடவ அந்த 'இந்தா பக்கத்துல' மாந்தலேயா இருந்துச்சு.

அதான் உங்கம்மா பயந்தாங்க. பெரிசா ஒன்னச் சொன்னா உள்ள அதவிடப் பெரிசா இருக்கும்னு பழகுன காது அது. தம்பி 'சும்மா இருக்கேன்'னு போட்டிருந்தா நிம்மதியா தூங்கிருப்பாங்க.

மறைவா போலீஸ் வேல பாக்குறதுக்கு நம்மகிட்ட இருக்கிற நல்ல வார்த்த மஃப்டி. காக்கிச்சட்ட இல்லாம வந்தா மஃப்டி போலீஸ். எங்க வகுப்புல ஒரு பொடியன் தீவாளிக்குப் புதுச்சட்ட போடாம வந்து 'டீச்சர் நான் மஃப்டியில இருக்கேன்'னான்.

---

மொகல்தெரு_தாத்தா:

பேரன் டைப் பண்றான், நான் சொல்றேன். அவன் விட்டா நான் பொறுப்பில்ல.

ராத்திரி வேஷம் போட்டு ஊரக் காக்குறது என்னமோ வெள்ளக்காரன் கண்டுபிடிச்ச மாதிரி 1939ங்கிறீங்க. நம்ம பாண்டியன் ஒருத்தன் மாறுவேஷத்துல நகர்வலம் போனானே, கீரந்தைன்னு ஒரு ஏழ பிராமணன் பொண்டாட்டியத் தனியா விட்டுட்டு யாத்திரை போனான், ராஜா காவல் இருக்கும்மா பயப்படாதன்னு அவளுக்குச் சொல்லிட்டுப் போனத பாண்டியன் காதால கேட்டு, தெனம் அந்தத் தெருவுல வந்து நிப்பான், ஒரு நாள் ராத்திரி உள்ள ஆம்பளக் குரல் கேட்டுச்சு, கதவத் தட்டிட்டான், உள்ள இருந்தது யாருன்னா யாத்திரை முடிச்சு வந்த புருஷனேதான். இப்ப என்ன பண்றது, அந்த ஒரு வீட்ட மட்டும் தட்டுனா அந்தப் பொண்ணு மேல பழி வரும், அதனால அந்தத் தெருவுல இருக்கிற அத்தன வீட்டுக் கதவையும் தட்டிட்டு ஓடிட்டான். மறுநாள் எல்லாரும் சபையில வந்து பிராது குடுத்தா, தட்டுன கைக்கு என்ன தண்டனைன்னு கேட்டு, வெட்டணும்னு சொன்னதும் தன் கையத் தானே வெட்டிக்கிட்டு பொன்னால கை வச்சிக்கிட்டான். பொற்கைப் பாண்டியன். சிலப்பதிகாரத்துல இருக்கு. மெட்ராஸ் தம்பிக்கு இரும்புக் கைதான் தெரியும், எங்களுக்கு அதுக்கு முன்னாடியே தங்கக் கை.

சின்ன வயசுல நாங்க ரெண்டாவது ஆட்டம் சினிமாவுக்கு சூலே பக்கம் போறதுக்கு 'நகர்வலம்'னுதான் பேரு வச்சிருந்தோம். அப்பாருக்கு எதிர்லயே பேசிக்குவோம், இன்னிக்கு நகர்வலம் உண்டா, உண்டு. அவரு பக்திமான், சாமி புறப்பாடுன்னு நெனச்சுக்கிட்டாரு.

ஆனா நெசமாவே ராத்திரிக் காவல் காத்தவன் நான், அதயும் எழுதுடான்னேன். 1988 ஆகஸ்ட் கடைசி, அரசாங்கத்த எதிர்த்து ஊரே கிளம்புன நேரம், ஜெயில்லேர்ந்து ஆளுங்க கூட்டம் கூட்டமா வெளிய வந்துட்டாங்க, தெருவுல போலீஸ்னு ஒருத்தன் கெடையாது, ஒவ்வொரு தெருமுனையிலயும் மூங்கில் தட்டி கட்டி நாங்களே உக்காந்தோம், தமிழ் ஆளு, பாய் வீட்டுப் பசங்க, சீனன், பர்மாக்காரன் எல்லாம் ஒன்னா, லோஞ்சிய தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு கையில ஒரு தடி, பக்கத்துல கெட்டில் நெறைய பச்சத் தேத்தண்ணி, சந்தேகமா யாராச்சும் வந்தா தகரத்தத் தட்டணும், அடுத்த தெரு கேட்டு அவனும் தட்டுவான், அப்படியே ஊர் முழுக்க ஓடும் அந்தச் சத்தம். வானத்துல வவ்வால் தெரிஞ்சா என்ன தெரியலன்னா என்ன, அந்தத் தகரச் சத்தத்துக்கு எந்திரிக்காத ஆளு கெடையாது. நேரம் போறதுக்கு நாங்களும் ராணுவம் மாதிரி பேசிக்குவோம். ஒன்னுக்குப் போறதுன்னா 'எல்லைய பாத்துட்டு வரேன்'. ஒக்காந்த எடத்துலயே தூங்கிட்டான்னா 'அண்ணன் மாறுவேஷத்துல இருக்காரு'. வீட்டுலேர்ந்து பலகாரம் வந்தா 'ஆயுதம் வந்துருச்சு'. அத்தன நாள் காவல்ல எங்க தெரு புடிச்சது ஒரே ஒரு ஆளு. ராத்திரி ஒரு மணிக்கு சுவத்து ஓரமாப் பம்மிப் பம்மி வந்தான், தகரத்தத் தட்டி நாப்பது பேரு சூழ்ந்துக்கிட்டோம், விளக்கப் புடிச்சுப் பாத்தா கடைசி வீட்டு மாப்பிள்ள, கோவிச்சுக்கிட்டுப் போனவரு பொண்டாட்டியச் சமாதானம் பண்ண வந்திருக்காரு. கீரந்தை கதைதான் திரும்ப. எங்க கை மட்டும் போகல.

பயமும் இருந்துச்சு, அது வேற. அத இதுல எழுத வேணாம்.

---

சைக்கா_சாமி:

தாத்தா வணக்கம், கால்ல விழுறேன். 'எல்லைய பாத்துட்டு வரேன்' இனிமே தாம்வேயிலயும் ஓடும், உங்க பேரச் சொல்லியே ஓட்டுறோம்.

ஆனா ஒரு சந்தேகம். தப்பான கதவத் தட்டுனதுக்கு பாண்டியன் கைய வெட்டிக்கிட்டாரு. பேட்மேன் தெனம் எத்தன பேரு ஜன்னல ஒடச்சுக்கிட்டு உள்ள போறாரு, ஒரு நாளாச்சும் கண்ணாடிக்குக் காசு குடுத்திருக்காரா?

---

மாயாவி_ரசிகன்:

தாத்தா, தங்கக் கைக்கு நான் சரண்டர். எங்க தாத்தாவும் மொகல் தெருவுலதான் கடை வச்சிருந்தாரு, இப்ப அது ஷ்வே பொந்தா தெருங்கிறாங்க. அவரும் நகர்வலம்னு சொல்லி நான் கேட்டிருக்கேன். இத்தன நாள் அது அவரு சொந்த வார்த்தைன்னு நெனச்சேன்.

மல்லி அக்கா என்ன ஆச்சு, தம்பி கதைய முடிங்க.

---

மல்லி_51ஆம்தெரு:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரக்கா சொன்னத அம்மாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டுனேன், 'பெரிசாச் சொன்னா உள்ள பெரிசா இருக்கும்'ங்கிற எடத்துல ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனாங்க. அப்புறம் நேத்து தம்பி சோறு சாப்பிடும்போது மடக்கிட்டோம்.

விஷயம் இதுதான். கிடங்குல உளுந்து மூட்ட அடுக்கியிருக்கு, எல்லாம் இந்தியாவுக்குப் போற சரக்கு. எலி. நம்ம டவுன் பின்சந்துல ஓடுமே பூன சைசுக்கு, அந்த ஜாதி. மூட்டைய ஓட்ட போட்டு ராத்திரிக்கு ராத்திரி உளுந்து கொட்டிக் கெடக்கு. மருந்து வைக்க முடியாது, திங்கிற சரக்கு. மொதலாளி எல்லாரையும் கூப்பிட்டு யாராச்சும் ராத்திரி காவல் இருக்கணும்னு சொல்லிட்டு கடைசியா வந்து சேந்தவனப் பாத்திருக்காரு. இவன்தான் அந்தக் கடைசி. சூப்பர்வைசர்னு வீட்டுல சொன்னதே கொஞ்சம் கூட்டிச் சொன்னதாம், கணக்கு எழுதுற வேலதான், அதுல எலி அடிக்கப் போறேன்னு எப்படிக்கா சொல்றதுங்கிறான். அதனால குத்தத்தோட சண்ட. யோசிச்சுப் பாத்தா அவன் ஒன்னும் பொய் சொல்லல, திருட்டு நடக்குது, திருடன் ராத்திரி வர்றான், இவன் புடிக்கிறான்.

போட்டோ காட்டுனான். லோஞ்சி தார்ப்பாய்ச்சி, தலையில டார்ச்சு, முதுகுல சாக்கு ஒன்ன கழுத்தோட முடிஞ்சு தொங்கவிட்டுருக்கான், மூட்டையிலேர்ந்து தூசி கொட்டுதாம் அதுக்காகவாம். கையில வெளக்கமாறு. பக்கத்துல மூட்ட மேல ஒரு சாம்பல் பூன, ஒரு காது பாதி இல்ல, பேரு ராபின். எலிய ராபின் புடிக்குது, இவன் டார்ச்சு அடிக்கிறான். அப்ப யாரு பேட்மேன் யாரு சைடுகிக்குனு சாமி தம்பிதான் சொல்லணும்.

அம்மா ரொம்ப நேரம் போட்டோவையே பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். 'பூனைக்கு எவனாச்சும் சோறு வைக்கிறானா'ன்னு மட்டும் கேட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் தூக்குச்சட்டியில மேல் தட்டு அவனுக்கு, கீழ் தட்டு கருவாடு. நேத்திக்கடன் மட்டும் விடல. எலின்னா என்ன, நேந்தது நேந்ததுதான்னு சொல்லிட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழம சுருட்டுக் கட்டோட தம்பியத்தான் பீலிக்கானுக்கு அனுப்புறாங்க. 'ராத்திரி சுத்துறவனுக்கு ராத்திரி சுத்துறவனே போயி வைக்கட்டும்'ங்கிறாங்க.